அந்த ஒரு சென்டிமீட்டர் யாருடையது?

"டாலரன்ஸ்னா என்னங்க தம்பி?"

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் எங்கள் செக்கிங் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பிள்ளைகள் "பொறுமைங்க சார்" என்பார்கள். மீதிப் பாதி "பிளஸ் ஆர் மைனஸ் ஒண்ணுங்க சார்" என்பார்கள். முதல் பதிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பயம் இரண்டாவது பதில்தான். எதற்கு ஒன்று, எந்த இடத்தில் ஒன்று, யார் கொடுத்த ஒன்று என்று அடுத்த கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள்.

பொறுமை என்று சொன்னவரை நான் ஒதுக்குவதில்லை. தாங்கிக்கொள்வது, பொறுத்துக்கொள்வது என்ற பொருள்தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர்களுக்கு வேறு வழியில் அறிமுகமாகியிருக்கும். ரெசிஸ்டரின் ஓரத்தில் தங்க நிறப் பட்டை இருந்தால் 5 சதவீதம், வெள்ளிப் பட்டை என்றால் 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று கணக்கு. பனியனுக்கும் அதே பொருள்தான். கேட்ட அளவு ஒன்று இருக்கிறது. வந்த அளவு கொஞ்சம் தள்ளியிருக்கிறது. எவ்வளவு தள்ளியிருந்தால் பையர் பொறுத்துக்கொள்வார் என்று அவரே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்கும் எல்லைதான் டாலரன்ஸ். நேர்முகத்தில் இந்த ஒரு வரியைச் சொன்னாலே போதும். 'அவரே', 'முன்கூட்டி', 'எழுதி' என்ற மூன்று சொற்களையும் விடாமல் சொல்ல வேண்டும்.

ஏன் எழுத வேண்டும்? பக்கத்தில் அனுப்பர்பாளையம் இருக்கிறது, பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். கையால் தட்டிய குடத்தின் வாய் ஒரு நூல் அகலமாக இருந்தால் வாங்க வந்தவர் அதை எடுத்துப் பார்ப்பார், பிடித்தால் வாங்குவார், இல்லையென்றால் அடுத்ததை எடுப்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நமக்கு வாங்குகிறவர் கடல் தாண்டி இருக்கிறார். பத்தாயிரம் பீஸையும் அவர் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. எதிரில் நின்று அவர் சொல்லியிருக்க வேண்டிய 'பரவாயில்லை'தான் மெஷர்மென்ட் சார்ட்டின் ஓரத்துக் கட்டத்தில் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கட்டத்தை முழுதாகப் படிக்காமல் டேப்பை எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. ஒரே டீ-ஷர்ட்டில் மார்புக்கு ±1 செ.மீ., உயரத்துக்கு ±1.5, கழுத்துப் பட்டியின் உயரத்துக்கு ±0.2 என்று தனித்தனியாக இருக்கும். மார்பு அளவைப் பாதியாகப் பரப்பி எடுப்பதா, முழுச் சுற்றா என்று பாருங்கள். பாதிக்கு ±1 என்றால் சுற்றளவில் அது 2 செ.மீ. சார்ட் முழுச் சுற்றுக்கு ±1 என்று சொல்லியிருந்தால், டேபிளில் பரப்பிய பீஸில் உங்களுக்கு மிச்சம் அரை சென்டிமீட்டர்தான். இஞ்ச் சார்ட் வந்தால் அரை இஞ்ச் என்பது 1.27 செ.மீ. அதை ஒன்றேகால் என்றோ ஒன்றரை என்றோ மனக்கணக்கில் மாற்றாமல், இஞ்ச் டேப்பை எடுத்து இஞ்சிலேயே அளந்துவிடுங்கள்.

எல்லா இடத்திலும் பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்தே வரும் என்றும் இல்லை. குழந்தைகள் பனியனில் கழுத்தை இழுத்தால் இவ்வளவாவது விரிய வேண்டும் என்று குறைந்தபட்ச அளவு போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. காரணம் எளிது: குழந்தையின் தலை உள்ளே போக வேண்டும். இப்படி ஒருபக்க டாலரன்ஸ் உள்ள இடங்களை நான் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

சைஸ்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் ஒருமுறை பாருங்கள். M பாதி மார்பு 51.5, L 54 என்றால் இடைவெளி 2.5. டாலரன்ஸ் ±1.25 என்று கொடுத்திருந்தால், பெரிய பக்கம் போன M-உம் சிறிய பக்கம் வந்த L-உம் 52.75-இல் சந்தித்துக்கொள்ளும். இரண்டும் 'சரி'யான பீஸ்கள்தான். கடையில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் ஆளுக்கு லேபிளைத் தவிர வித்தியாசம் தெரியாது. டாலரன்ஸ், சைஸ் இடைவெளியில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். சார்ட் அப்படி இல்லை என்றால் சாம்பிள் கட்டத்திலேயே மெர்ச்சண்டைசரிடம் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் அந்தக் கம்பெனியில் அவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இனி நான் அடிபட்ட கதை. நான் செக்கராக இருந்து கியூசி ஆன புதிது. கம்பெனி பெயர் வேண்டாம். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்குப் பையரின் ஆள் வந்திருந்தார். L சைஸ், பாதி மார்பு 54, ±1. அவர் பத்து பீஸை டேபிளில் பரப்பி வரிசையாக அளந்தார். 53, 53.2, 53, 53.1... நான் பக்கத்தில் தெம்பாக நின்றிருந்தேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏங்க, ஒரு பீஸ்கூட 54 இல்லையா?"

"எல்லாம் டாலரன்ஸுக்குள்ளதாங்க சார் இருக்குது."

"அங்கொண்ணு இங்கொண்ணு கொறஞ்சா அது டாலரன்ஸுங்க. பத்தும் ஒரே மாதிரி கொறஞ்சிருந்தா, பேட்டர்னையே கொறச்சு வெட்டியிருக்கீங்கன்னு அர்த்தம்."

உண்மைதான். கட்டிங் மாஸ்டருக்கு மேலிடத்திலிருந்து அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும், எல்லைக்குள்தானே இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு பீஸை எடுத்துத் துவைத்துப் பார்க்கச் சொன்னார். துணி 4 சதவீதம் சுருங்கியது. சுருக்கத்துக்குக் கொடுத்திருந்த எல்லை 5 சதவீதம், ஆகவே அதுவும் 'உள்ளே'தான். ஆனால் 53-இல் 4 சதவீதம் போனால் 50.9. துவைத்த L, துவைக்காத M-ஐவிடச் சிறியதாக மேசைமேல் கிடந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சரி, கடைசியில் பீஸ் தப்பு. அந்தச் சரக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த டேபிள் அருகே நின்றபோதுதான் இந்தச் சொல் எனக்குப் புரிந்தது. டாலரன்ஸ் நாம் செலவழிக்கக் கொடுத்த பணமில்லை. கத்தி வளைவதற்கும், தையல் கை மாறுவதற்கும், துணி தளர்வதற்கும் பையர் விட்டுவைத்த இடம். அதை முதலிலேயே பேட்டர்னில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டால், உண்மையான தவறு வரும்போது நிற்க இடம் இருக்காது. ஜப்பானிய பொறியாளர் ஜெனிச்சி தகுச்சி இதையே கணக்காகச் சொன்னார்: எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் நஷ்டம் என்பதில்லை, மைய அளவிலிருந்து விலக விலகவே நஷ்டம் ஏறிக்கொண்டே போகிறது.

டாலரன்ஸை முதலிலேயே எடுத்துச் சாப்பிடும் ஆசை நம் ஊரில் அடங்காததற்கு ஒரு காரணம் உண்டு. துணியைக் கிலோவில் வாங்குகிறோம், பனியனைப் பீஸில் விற்கிறோம். ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், கேட்ட இடத்தில் 4 சதவீதம் குறைத்து ஓட்டினால் பீஸுக்கு 8 கிராம் மிச்சம். பத்தாயிரம் பீஸுக்கு 80 கிலோ. ±5 சதவீத டாலரன்ஸ், அதாவது 171 முதல் 189 வரை, இதை மூடி மறைத்துவிடும். 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டும் ஜிஎஸ்எம் கட்டரில் ஒரு துண்டு எடுத்துத் தராசில் வைத்தால் 1.73 கிராம், நூறால் பெருக்கினால் 173. ஒரு ரோலில் 173 வந்தால் விட்டுவிடலாம். எல்லா ரோலிலும் 173 வந்தால் அதை நிட்டிங்காரரிடமோ காம்பேக்டிங்காரரிடமோ கேட்க வேண்டும். "உள்ளதானே இருக்குது" என்று யாராவது சொன்னால், அவர் டாலரன்ஸைச் சம்பளமாக நினைக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். வேலைக்குப் புதிதான நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை. ஒவ்வொரு ரோலின் எடையையும் தேதியோடு எழுதி வையுங்கள். கேள்வி வரும் நாளில் அந்த நோட்டுதான் உங்களைக் காப்பாற்றும்.

அளக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை அதில்தான் வருகிறது. பின்னல் துணி கண்ணிகளால் ஆனது. இழுத்தால் வரும், விட்டால் போகும். அயர்னிங் டேபிளில் சூட்டோடு இழுத்துப் பிடித்து 54-ஐ வரவழைப்பது ஒரு பழைய வித்தை. மாலை ஆறு மணிக்கு 54 இருந்த பீஸ், பாலி பேக்கில் இரவு முழுதும் கிடந்து காலையில் 53-க்கு இறங்கியிருக்கும். அதனால் அயர்ன் ஆன கையோடு அளந்த அளவை நான் ரிப்போர்ட்டில் ஏற்பதில்லை. சமதளமான டேபிளில் பீஸைப் போட்டு, கையால் தடவிச் சுருக்கம் எடுத்து, இழுக்காமல், ஆறவிட்டு அளக்க வேண்டும். மார்பு என்றால் அக்குளிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று சார்ட்டில் போட்டிருக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். அக்குளிலேயே வைத்து அளந்தால் வேறு எண் வரும். டேப்பையும் மறக்காதீர்கள். மாதக்கணக்கில் கழுத்தில் தொங்கிய டேப் நீளும், அதன் முனையும் தேயும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்து வாரம் ஒருமுறை சரிபார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சொல்லைப் பயன்படுத்துவதில் வரும் கோளாறுகளைப் பார்ப்போம். மெயிலில் "டாலரன்ஸ் 1.5 செ.மீ. வந்திருக்கிறது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். டாலரன்ஸ் வராது, அது கொடுக்கப்பட்டது. வந்தது டீவியேஷன், நம் பேச்சில் வித்தியாசம். "மார்பில் மைனஸ் 1.5 வந்திருக்கிறது, டாலரன்ஸ் ±1, ஆகவே அரை சென்டிமீட்டர் அவுட் ஆஃப் டாலரன்ஸ்" என்று எழுதினால் பையர் மறுகேள்வி கேட்க மாட்டார். எல்லைக்குள் இருந்தால் 'வித்தின் டாலரன்ஸ்'. எந்த இடம், எந்த சைஸ், எத்தனை பீஸ் அளந்ததில் எத்தனை என்று சேர்த்து எழுதுங்கள். "ஸ்லைட் வேரியேஷன்" என்று மட்டும் எழுதுகிற மெயிலைப் போல ஆபத்தானது வேறில்லை. உங்கள் 'ஸ்லைட்' எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு குழப்பம் டாலரன்ஸுக்கும் அலவன்ஸுக்கும் இடையில். சம்பளத்தோடு வரும் அலவன்ஸைச் சொல்லவில்லை. துணி சுருங்கும் என்று தெரிந்து பேட்டர்னில் நாம் சேர்த்து வெட்டுவதும், தையலுக்காக ஓரத்தில் விடுவதும் அலவன்ஸ். அது நம் கணக்கு, நாமே முடிவு செய்வது. டாலரன்ஸ் பையர் கணக்கு. என் கதையில் நடந்தது, அலவன்ஸ் விட வேண்டிய இடத்தில் டாலரன்ஸை எடுத்துக்கொண்டதுதான்.

ஏக்யூஎல் 2.5 என்பதையும் பலர் 'நூற்றுக்கு இரண்டரை பீஸ் டாலரன்ஸ்' என்று சொல்கிறார்கள். டாலரன்ஸ் ஒரு பீஸின் ஓர் இடத்துக்கு. ஏக்யூஎல் மொத்த லாட்டில் எத்தனை பீஸை எடுத்துப் பார்ப்பது, அதில் எத்தனை குறை வரை தாங்குவது என்பதற்கு. ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையில் வழக்கமான இரண்டாம் நிலைப்படி 3,000 பீஸ் லாட்டுக்கு 125 பீஸ் எடுக்க வேண்டும். 2.5 என்றால் 7 குறை வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். டாலரன்ஸைத் தாண்டிய பீஸ் இந்தக் கணக்கில் ஒரு குறையாகச் சேரும். இரண்டும் சந்திப்பது அங்கே மட்டும்தான்.

மெர்ச்சண்டைசிங் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. இதே சொல் வங்கி மேசையிலும் உட்கார்ந்திருக்கிறது. எல்சி என்கிற கடன் கடிதத்துக்கு உலகம் முழுதும் பின்பற்றப்படும் யுசிபி 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அதன் 30-ஆவது பிரிவின்படி, எல்சியில் எதுவும் சொல்லாவிட்டாலும் சரக்கின் அளவு 5 சதவீதம் கூடலாம், குறையலாம், பணம் மட்டும் எல்சி தொகையைத் தாண்டக் கூடாது. ஆனால் அளவைப் பீஸ் எண்ணிக்கையிலோ பெட்டி எண்ணிக்கையிலோ குறிப்பிட்டிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அதாவது துணியைக் கிலோவில் அனுப்புகிறவருக்கு 5 சதவீதம் தானாகக் கிடைக்கும். 10,000 பீஸ் என்று போட்டுப் பனியன் அனுப்பும் நமக்குக் கிடைக்காது. 9,900 பீஸ் அனுப்பினால் வங்கி டாக்குமென்ட்டைத் தள்ளுபடி செய்ய வழியிருக்கிறது. எனவே ஆர்டர் வரும்போதே பிளஸ் மைனஸ் 5 சதவீதம் என்று எல்சியில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கட்டிங்கிலும் ரிஜெக்ஷனிலும் பீஸ் குறைவது தினமும் நடப்பது, அதற்கு முன்கூட்டியே இடம் வேண்டும்.

டாலரன்ஸே இல்லாத இடங்களும் உண்டு. உடைந்த ஊசித்துண்டு, அதற்கு பிளஸ்ஸும் இல்லை மைனஸும் இல்லை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் டெய்லருக்குப் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த பண்டில் முழுதும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். ஐரோப்பாவுக்குப் போகும் சின்னக் குழந்தைகள் உடுப்பில், கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு இருக்கக் கூடாது என்கிறது இஎன் 14682 தரநிலை. அங்கே 'கொஞ்சமாக' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பூஜ்யம் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயக்கழிவில் உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லையாக இருந்த காலம் ஒன்று. நொய்யல் ஆறு அதைத் தாங்கவில்லை. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறக் கூடாது என்ற நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளையே மூடச் சொன்னது. சாயம் போட வழியில்லாமல் துணி வெளியூருக்கு லாரி ஏறிய அந்த மாதங்களை இங்கே இன்றும் பேசுவார்கள். எல்லையைக் கடைசி மில்லிமீட்டர் வரை பயன்படுத்திக்கொள்ளும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பிள்ளைகள் கேட்டால் நான் அந்த ஆற்றின் பக்கம்தான் கையைக் காட்டுவேன்.

சரி, இவ்வளவு பார்த்தும் ஒரு நாள் சரக்கு எல்லையைத் தாண்டிவிடும். யாருக்கும் நடக்கும். அன்றைக்குச் செய்ய வேண்டியது, எத்தனை பீஸ், எந்த சைஸ், எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று எண்ணி, இரண்டு பீஸைப் படமெடுத்து, "இதை இந்த ஒரு தடவை ஏற்றுக்கொள்ள முடியுமா" என்று பையருக்கு எழுதுவது. பல பையர்கள் சரி என்றிருக்கிறார்கள், சிலர் விலையைக் குறைத்திருக்கிறார்கள், முடியாது என்றவர்களும் உண்டு. நான் பார்த்தவரை, பெட்டி மூடுவதற்கு முன் போன மெயிலுக்குத்தான் 'சரி' வந்திருக்கிறது. கப்பல் ஏறிய பிறகு போன மெயிலுக்கு டெபிட் நோட்தான் வந்தது.